உள்ளேன் ஐயா

பதினோராம் வகுப்பு முடித்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, செங்கம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். ஒருவன் அமெரிக்காவில் மகன் வாங்கிய வீட்டை அறை அறையாக வர்ணித்தான். இன்னொருவன் தன் சர்க்கரை அளவைச் சொல்லிப் பெருமைப்பட்டான். கருவூல அதிகாரியாக ஓய்வு பெற்றவன் என்பதால், வருகைப் பதிவு எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

இறந்துபோன நால்வரின் பெயர்களை, முறைப்படி, கடைசியில் வாசித்தேன். "காதர் பாஷா" என்றதும் பின்வரிசையிலிருந்து, "உள்ளேன் ஐயா!" என்று காதரின் அதே கரகரத்த குரலில் பதில் வந்தது. அடுத்த பெயருக்கு, அந்தப் பெயர்க்காரனின் மூக்குக் குரல். மண்டபம் சிரித்தது.

நிமிர்ந்து பார்த்தேன்; யார் குரலிலும் பேசும் எங்கள் வகுப்புக்காரன்தான். நரைத்த தலை, மை பூசிய மீசை, குரல் மாற்றுவதற்கு முன் ஒரு செருமல். பள்ளியில் மட்டம் போட்டவர்களையெல்லாம் இப்படித்தான் காப்பாற்றுவான்.

"இன்னாடா இது? செத்தவனுக்கு ஆஜர் போட எந்த விதியில இடம் இருக்கு?" என்றேன்.

"சினிமாக்குப் போனா மட்டும்தான் சொல்லணுமா? வராதவனுக்கு நான்தானடா சொல்லுவேன்" என்றான். பிறகு மெதுவாக, "எனக்குத்தான் ஆளில்ல. என் குரல் யாருக்குடா வரும்?" என்றான்.

உயிரோடு இருப்பதாக நேரில் வந்து காட்டினால்தான் ஓய்வூதியருக்குப் பணம் தரக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"நான் சொல்றேன்டா."

"எங்க, சொல்லு."

சொன்னேன்.

"சுருதி கம்மியா இருக்கு. பழகு" என்றான்.

வீட்டில் ஆளில்லாதபோது பழகுகிறேன். இதுவரை அந்தச் செருமல் மட்டும்தான் சரியாக வருகிறது.