நிக்கல் ஆக்சைடும் ஒரு சோதனை அட்டையும்

நல்லேப்பிள்ளி ஊர்ப் பொங்கியண்ணனும் நானும் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவர் இயற்பியல், நான் கணிதம். நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்தவர், நிக்கல் ஆக்சைடு என்ற பச்சைத் தூளுக்கு ஏழு வருடத்தைக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். அந்தத் தூளில் மின்சாரம் ஓடாது. எலக்ட்ரான்களை வைத்துக் கணக்குப் போட்டாலோ, ஓடும் என்றுதான் விடை வரும். இந்த முரண்பாடுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு.

கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. நிரலைத் துளைகளாகப் பதித்த எண்ணூறு அட்டைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறுவார். ஒருமுறை ஓட்டிப் பார்க்க விடுவார்கள், அவ்வளவுதான். 1974 டிசம்பரில் கணக்கும் ‘ஓடாது’ என்றது. அங்கிருந்த அவருடைய வழிகாட்டி ஞானஜோதி பூரித்துப்போனார். கட்டுரை அச்சானது, ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போனது, பெங்களூரில் ஆராய்ச்சி வேலையும் ஏறக்குறைய உறுதியானது.

அடுத்த ஜூலையில் அட்டைகளைச் சரிபார்த்தபோது ஒன்று அதிகமாக இருந்தது. நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, இல்லாத ஆற்றல் ஒன்றைக் கணக்கில் கூட்டும் சோதனை அட்டை. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் எடுக்க மறந்திருக்கிறார். அவர் கண்டுபிடித்ததாக நினைத்த விடை, அவரே உள்ளே வைத்தது.

என் வீட்டுக்கு வந்து அட்டையை மேசைமேல் வைத்தார். இந்தக் கணக்கை இனி எவரும் திரும்பப் போடப்போவதில்லை, பேசாமல் இருங்கள் என்றேன்.

“இத வேற யாருங்க பாத்தாங்க?” என்று கேட்டேன்.

“நானு பாத்துட்டனுங்களே.”

ஞானஜோதிக்கும் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் உண்மையைக் கடிதமாக எழுதி, மறுநாள் நான் பாலக்காடு போவதால் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் சேர்க்கவில்லை. மனம் மாறிவிடுவார், நல்ல மனிதரின் வாழ்க்கை வீணாகக் கூடாது என்று நாலு நாள் பைக்குள் வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் அவர் வகுப்பைக் கடந்து போனேன். தன் தவறைக் கரும்பலகையில் வரி வரியாக எழுதி விளக்கிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் பட்டம் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள்.

“கெடைக்காதும்மா. லெட்டரு இன்னேரம் மெட்ராசு போயிருக்கும். நம்ம கணக்கு சாரு கையில குடுத்துட்டனே, அப்பறம் என்ன?”

பைக்குள் கடிதங்கள் அப்படியே இருந்தன. நேரே தபாலாபீசுக்கு நடந்தேன்.

ஆய்வேடு திரும்பி வந்தது, பெங்களூர் வேலையும் போனது. ஓய்வு பெறும்வரை அவர் லெக்சரராகவே இருந்தார். அந்த நாலு நாளைப் பற்றி இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.