இரண்டு பைட் தள்ளி

நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராம் எழுதுவது, எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாத தொழில். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்று நம்பித்தான் சேர்ந்தேன். இதே நம்பிக்கையில் சேர்ந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு மீதியைச் சொல்லவேண்டியதில்லை.

விளக்கு எரிந்தது

எங்கள் ஆபீஸ் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை, தன் இயந்திரங்களைக் கண்காணிக்கும் சின்னப் பெட்டிகளை எங்களிடம் கேட்டிருந்தது. அதற்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதியவள் நான். மாதிரிப் பெட்டி ஓடினால் ஆர்டர் கிடைக்கும். ஆர்டர் கிடைத்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று டீம் லீட் முரளி சார் சொல்லியிருந்தார்.

பெட்டிக்கான போர்டு கடைசி நேரத்தில்தான் வந்தது. அதனால் கார்டை ஆபீஸ் பி.சி.யில் செருகித்தான் சோதித்தோம். அருமையாக ஓடியது. தொழிற்சாலைக்குப் போய்ப் பெட்டியில் கேபிளைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. முதல் தகவல் பொட்டலம், அதாவது பாக்கெட், உள்ளே வந்ததும் பெட்டி அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி உறைந்தது. தொழிற்சாலை மேலாளர் செல்வம் சார் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லைட்டு நல்லா எரியுது மேடம். லைட்டு போடத்தான் வந்தீங்களா?"

ஆளுக்கொரு சந்தேகம்

முரளி சார் கேபிளைச் சந்தேகப்பட்டார். புதுக் கேபிள் வாங்கினோம். பிறகு மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். யு.பி.எஸ். வைத்தோம். பெட்டி உறைவதை மட்டும் நிறுத்தவில்லை. பக்கத்து சீட் பிரபு, அனகாபுத்தூர்க்காரர், டீயை உறிஞ்சியபடி தீர்ப்புச் சொன்னார்:

"இன்னாம்மா, நம்ம மாடில சோக்கா ஓடிக்கினு இருந்துச்சு, அங்க போனா பேஜார் பண்ணுது. பேசாம அந்த பாக்டரிய நம்ம மாடிக்குத் தூக்கிக்கினு வந்துரு."

மகளிர் பெட்டி

அன்று மாலை போர்டின் பிராசஸர் கையேட்டைப் புரட்டிக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். மின்சார ரயில் வழக்கமான இடத்தைத் தாண்டி நின்றது. மகளிர் பெட்டிக்காகக் காத்திருந்த நாங்கள் எல்லோரும் ஓடினோம். ஓடும்போதுதான் உறைத்தது. இந்தப் பிராசஸர் நான்கு நான்கு பைட்டாகப் படிக்கும். நினைவகத்தில் நான்கால் வகுபடும் முகவரியில்தான் ஆரம்பிக்கும். பாக்கெட்டின் தலைப்பகுதியோ பதினான்கு பைட். அதற்குப் பின்னால் வரும் விவரம் எல்லாம் இரண்டு பைட் தள்ளி நிற்கிறது. எந்த முகவரியிலிருந்தும் படிக்கத் தெரிந்த ஆபீஸ் பி.சி. எங்களைப் போல ஓடிப்போய் ஏறிக்கொண்டது. தொழிற்சாலைப் பெட்டி ஓடத் தெரியாமல் உறைந்துவிட்டது.

முன்னால் இரண்டு பைட் காலி விட்டால் சரியாகிவிடும் என்று பார்த்தால், கார்டு முரண்டு பிடித்தது. அதுவும் நான்கால் வகுபடும் இடத்தில்தான் எழுதுமாம். ஆகவே அது எழுதியதை வேறொரு இடத்துக்கு, இரண்டு பைட் காலி விட்டு, நானே நகலெடுத்து வைக்கவேண்டியிருந்தது. முரளி சார் கேட்டுவிட்டுச் சிரித்தார்:

"ரெண்டு பேருமே நகர மாட்டாங்களா? அப்ப நடுவுல நீதாம்மா போர்ட்டர். தூக்கி வை."

என்ன கோளாறு?

மறுபடி மறைமலை நகர். பச்சை விளக்கு எரிந்தது. பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன. மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தோம், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. "என்னதான் கோளாறு?" என்று செல்வம் சார் கேட்டார். முரளி சார் என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பைட் தள்ளி இருந்தது சார்" என்றேன். இவ்வளவுதானா என்று சிரிக்கப்போகிறார்கள் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. செல்வம் சார் தலையை ஆட்டினார்:

"மயிரிழை தள்ளிப் போனாலே எங்க சரக்கைப் பூராத் திருப்பி அனுப்பிடுவாங்க மேடம். உங்க பெட்டியத் திருப்பி அனுப்பாம விட்டேன் பாருங்க. ஆர்டரை எழுதிக்குங்க."

என் வேலை நிரந்தரமானது, நான் எழுதிய அத்தனை வரிகளாலும் அல்ல, ஒன்றும் எழுதாமல் காலியாக விட்ட இரண்டு பைட்டுகளால்தான்.