அலைக்கு அதிர்ந்த தரை

நேற்று வேலைக்குப் போன இடத்தில் பழைய சுவரொன்றை இடித்தபோது, ஈரச் சுண்ணாம்பும் உப்பும் கலந்த மணம் எழுந்தது. கையிலிருந்த அலவாங்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

கல்முனைப் பக்கம் எங்கள் ஊரின் பழைய கடற்கரைப் பள்ளிவாசலுக்கும் அதே மணம்தான். இப்போது அந்த இடத்தில் கடல். வாப்பா அங்கே தொழுகைக்கு பாங்கு சொல்லும் மோதினாராக இருந்தார். பள்ளியோடு ஒட்டிய அறையில்தான் நாங்கள் குடியிருந்தோம். கரையைத் தின்று தின்று கடல் பின்சுவருக்கே வந்துவிட்ட ஒரு வருடம், பள்ளியைக் காப்பாற்ற எல்லாரையும் அழைத்து உள்ளே கூட்டம் வைத்தார்கள்.

பள்ளி நிர்வாகத்து மரைக்கார் கடலைத் தடுக்கக் கரையில் கல் போடச் சொன்னார். "இஞ்ச கல்லப் போட்டா கடல் எங்கட ஊரத்தான் திங்கும்" என்றார் பக்கத்துத் தமிழ் ஊர் மீனவர். "இது பழைய கட்டடம், சுவருல கை வைக்க ஏலாது" என்றார் கொழும்பிலிருந்து வந்த தொல்பொருள் அதிகாரி.

"அதக் கடலுக்கிட்டயும் சொல்லுங்க சேர்" என்றார் மரைக்கார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கும்போதும் கதைக்கும்போதும், ஒவ்வோர் அலைக்கும் பாய்க்கு அடியில் தரை திம்மென்று அதிர, அந்த அதிர்வு என் தொடை வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. பெரியவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும். கிளாசுகளில் தேநீர் நடுங்கியது.

கடைசியில், அடுத்த மாதம் திரும்பவும் கூடுவதென்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"அதுவரைக்கும் நாங்க?" என்று வாப்பா கேட்டார்.

"நீங்க இஞ்ச படுக்கிறதாலதான், மோதினார், எங்களுக்குப் பயமில்லாம இரிக்கி" என்று செருப்பைத் தேடியபடி சொன்னார் மரைக்கார்.