புர்மகானின் ஆட்டு மெட்டு

1958 ஏப்ரல் 11: தாயில்லாக் குட்டிகள் 14, வேறு தாய் ஏற்றவை 14.
1964 ஏப்ரல் 23: படக்குழு வருகை; ஆட்கள் 9, ஒலிப்பதிவுக் கருவி 1.
1966 நவம்பர் 6: படம் வெளியீடு.
1967 ஏப்ரல் 18: பண்ணையில் படம் காட்டியது, பார்த்தவர்கள் 212.

புர்மகான் ஆத்-பாஷி மலைப்பகுதிக் கூட்டுப்பண்ணையின் ஆட்டுக்காரி. குட்டியை இழந்த ஆடு, வேறு குட்டியை அண்டவிடாமல் உதைக்கும். அதன் காதருகே உட்கார்ந்து பாடிப் பாடி அதை இளகவைப்பது பெண்களின் வேலை. ஆளுக்கொரு மெட்டு. புர்மகானின் மெட்டு மெல்ல ஏறி, சட்டென்று மூன்று படி இறங்கி நிற்கும். 1958 பனியில், ஒரு பிடிவாதக்காரக் கறுப்பு ஆட்டுக்காக அவளே கட்டியது. 1964இல் வந்த படக்குழு அவள் பாடியதை ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு போனது.

அதைத்தான் ஒரு போர்ப்படத்தில், குதிரைப்படை பாயும் காட்சிக்கு, நாற்பது பேர் கொம்பும் முரசுமாக வாசித்தார்கள். நாடே அதை முணுமுணுத்தது. பண்ணை அலுவலக வானொலியில் அதைக் கேட்டவள் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இது என் பாட்டு."

"ஆமாண்டி, குதிரைப்படை உன் ஆட்டுக்குப் பால் ஊட்டத்தான் போகுது," என்றாள் நாத்தனார் ஷார்ப்பா. "ஊர் சிரிக்கும், சும்மா கெட."

"சிரிக்கட்டும்கா. திரையில என் பேர் வரணும்."

படம் எடுத்தவர்களுக்குக் கடிதம் போட்டாள். மெட்டு இசையமைப்பாளர் மெல்னிகோவின் சொந்தப் படைப்பு என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில்.

ஏப்ரலில் மெல்னிகோவே படத்தோடு வந்தார். ரோமம் வெட்டும் கொட்டகையில், சன்னல்களைக் கம்பளத்தால் மூடி, பட்டப்பகலில் படம் போட்டார்கள். அன்று காலைதான், அவள் பாட்டைக் கேட்டே வளர்ந்த ஓர் ஆட்டின் குட்டி செத்திருந்தது. புர்மகான் அந்த ஆட்டையும் ஓர் அநாதைக் குட்டியையும் திரைக்கருகே இழுத்து வந்தாள்.

"அக்கா, மானத்த வாங்காத!" என்று பண்ணைத் தலைவர் பதறினார்.

ஆடு குட்டியை உதைத்தது. அவள் பாடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

திரையில் ஒற்றைக் கொம்பு ஊதியது. ஆட்டின் காது திரும்பியது. மெட்டு மூன்று படி இறங்கியபோது ஆடு தலையைத் தாழ்த்திக் குட்டியை மோந்து பார்த்தது. குட்டி வாலைச் சுழற்றிக்கொண்டு மடியில் முட்டிக் குடித்தது. கொட்டகை அதிர்ந்தது.

படத்தை நிறுத்தச் சொன்ன மெல்னிகோவ், "இந்த ஆடு ரேடியோ கேக்குமா?" என்றார்.

"மலைமேல மனுசனுக்கே ரேடியோ இல்லீங்க," என்றார் தலைவர்.

பக்கத்துப் பண்ணைக்காரி ஒருத்தி கத்தினாள்: "எங்க ஆட்டுக்கு இதப் போட்டுப் பாருங்கய்யா, உதைதான் கெடைக்கும்! இது அவ பாட்டு!"

மெல்னிகோவ் தொப்பியைக் கழற்றினார். "நாடாவுல பேரே இல்லம்மா. ஏதோ பழைய பாட்டு, கட்டினவங்க எப்பவோ செத்திருப்பாங்கன்னு நெனச்சேன். என்னுதுன்னு எழுதினது தப்பு."

"நான் சாகல. வழிய விடுங்க, ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

ஷார்ப்பாதான் முதலில் கைதட்டினாள்.

அதன்பின் நகரத்திலிருந்து வந்தது ஒரே கடிதம். உள்ளே ஒரு துண்டுப் படச்சுருள் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்துகள் தெரிந்தன: "மெட்டு: புர்மகான் கெரிம்பாயேவா." அது வந்து சேர்ந்த நாள் 1967 ஜூலை 3, திங்கட்கிழமை.