மூன்று மணிக் கூட்டத்துக்கு மூன்று மணிக்கே வந்தவர்கள்

“மூணு மணிக் கூட்டத்துக்கு மூணரைக்கு வந்தா போதும்னு இவங்க எல்லாருக்கும் யாரு சொன்னது?”

ரக்ஷனா அக்கா இப்படிக் கேட்டது போன வருடம், சிங்கப்பூர்த் தேக்காவில் ஓர் உணவுக்கடையில். எங்களைச் சுற்றி உட்கார்ந்து நுரை வர ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எங்கள் மன்றத்து உறுப்பினர்கள். அந்தக் கடைக்கு எதிரே, பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் தொடங்கியிருக்க வேண்டும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தட்டு வடை வந்தது.

“எப்பவுமே இப்படித்தானேக்கா,” என்றேன்.

“அது பதில் இல்ல, வைஷாலி.”

அப்போது நான் ஜேசியில், அதாவது புகுமுகக் கல்லூரியில், கடைசி ஆண்டு. எல்லாவற்றுக்கும் மாதிரி விடை வைத்திருந்த காலம் அது. இதற்கு மட்டும் இல்லை.

மன்றத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். அக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எங்கள் மாடியிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். வயது இருபத்து மூன்று. பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தாள். அப்பா மருதப்பன் மாமா பேருந்து ஓட்டுநர். அம்மா மங்களம் அத்தை ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறார். மகள் என்ன படிக்கிறாள் என்று உறவினர்கள் கேட்டால் அத்தை, “யூனிவர்சிட்டில படிக்கிறா,” என்று நிறுத்திக்கொள்வார். மேலும் கேட்டால், “ஆர்ட்ஸ்.” அதற்கு மேல் கேட்டால் கேசரி எடுத்துவர உள்ளே போய்விடுவார்.

“அரசியல்னு சத்தமா சொன்னா போலீஸ் வந்துருமோன்னு எங்கம்மாவுக்குப் பயம் லா,” என்பாள் அக்கா.

அந்தப் படிப்பு என்றால் தேர்தலும் நாடாளுமன்றமும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை ஒன்று விடாமல் படிப்பாள். நாங்கள் உள்ளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். “ஓட்டுப் பெட்டி கடைசியிலதான் வரும். அதுக்கு முன்னாடி, என்ன பேசணும்னு யாரு எழுதுறா, சாவி யாரு கையில இருக்குன்னு பாக்கணும்,” என்பாள்.

சாவி என்று அவள் சொன்னது சும்மா இல்லை. மன்றத்தின் மாடி அறையில் நீளமான ஆறு மேசைகள், வெள்ளைப் பலகை, நல்ல ஏர்கான் எல்லாம் இருக்கின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திறப்பார்கள். செயற்குழு கூடும்போது திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. எங்கள் வீட்டில் இரண்டு தம்பிகள், ஒரு தொலைக்காட்சி, ஒரே ஒரு மேசை. ஜேசி முடிவில் எழுதும் ஏ நிலைத் தேர்வுக்கு நான் பாதி நாள், வீட்டில் இடமில்லாத மாணவர்கள் தேடிப் போகும் விமான நிலையத் தரையில் உட்கார்ந்து படித்தேன். அக்காவும் அவள் காலத்தில் அங்கேதான் படித்தாள். அறையை வாரநாள் மாலைகளில் மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று அவள் செயற்குழுவுக்கு இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் ‘பரிசீலிப்போம்’ என்று பதில் வந்தது.

சாவி செயலாளரிடம் இருக்கும். அதனால் இந்த வருடம் செயலாளர் பதவிக்குப் போட்டியிடுவது என்று அக்கா முடிவு செய்தாள். எத்தனையோ வருடங்களாக யாரும் போட்டியிட்டதில்லை. இருப்பவர்களையே ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லாரும் கைதட்டுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கடைசி ஆண்டு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தை அவள் இந்த மன்றத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். இங்கே ஏன் போட்டியே வருவதில்லை என்பதுதான் கேள்வி. மாதக்கணக்கில் ஆட்களைச் சந்தித்துப் பேசியிருந்தாள். போட்டியிடப் போவதாகச் சொன்னதும் அவளுடைய பேராசிரியர், ஒரு கூட்டத்தில் நீ ஆராய்ச்சியாளராக இருக்கலாம் அல்லது வேட்பாளராக இருக்கலாம், இரண்டுமாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். பிறகு அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு நாட்டுச் சங்கம் ஒன்றைப் பற்றிப் புதிதாக எழுதத் தொடங்கினாள்.

மூணரை மணி விஷயத்தை அப்போதுதான் எனக்கு விளக்கினாள். மன்றத்தின் சட்டதிட்டப்படி கூட்டம் தொடங்க முப்பது பேராவது வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை பேர் இருந்தாலும் போதும், கூட்டம் செல்லும். ஆக, மூன்று மணிக்கு ஆள் சேராது என்று எல்லாருக்கும் தெரியும். சேராததால் யாரும் மூன்று மணிக்கு வருவதில்லை. யாரும் வராததால் சேருவதில்லை. மூணரைக்குச் செயற்குழுவும் அவர்களுடைய நண்பர்களும் மேலே போய்க் கைதட்டிவிட்டு இறங்குவார்கள். பாதிப் பேர் வடையோடு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

“மூணு மணிக்கு முப்பது பேர மாடிக்கு ஏத்திட்டா போதும்,” என்றாள் அக்கா.

தேர்வு முடிந்து நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குப் பெரிய வேதனை. வீட்டுக்குள் நடந்து நடந்து தம்பிகளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அதனால் தொலைபேசியில் கூப்பிடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

“ஆன்ட்டி, கூட்டம் மூணு மணிக்கு. மூணு மணிக்கே வாங்க.”

“மூணுன்னா மூணரை லா, கண்ணு. நீ சின்னப் பிள்ள, உனக்குத் தெரியாது.”

“இல்ல ஆன்ட்டி, இந்தத் தடவ நிஜமாவே மூணு.”

“ஏன், தலைவர் வீட்டுல கல்யாணமா?”

ஈசூனில் இருக்கும் மனோரஞ்சிதம் ஆன்ட்டி மட்டும், “ரக்ஷனாவுக்காக ரெண்டரைக்கே வந்து நிக்கிறேன், பாரு,” என்றார். சொன்னபடியே வந்தார்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சந்து முழுக்கக் கூட்டம். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்று ஆட்களைத் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பவிடாமல் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு நானும் ஏறிப் போனபோது மாடியில் நாற்பத்தோரு உறுப்பினர்கள் இருந்தார்கள். நாற்காலி போதவில்லை. அக்கா வாசலில் நின்று சிரித்தாள். அவளை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததில்லை.

தலைவர் விஸ்வலிங்கம் ஐயா காத்தோங்கில் இருப்பவர். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத் தமிழில் மென்மையாகப் பேசுவார். மன்றம் மூடப்படாமல் இத்தனை வருடம் ஓடியதற்கு அவர்தான் காரணம் என்பார்கள். அது பொய்யில்லை. மருதப்பன் மாமாவுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அவர் ஆட்களை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார்.

“நல்லது. ஆக்கள் இருக்கினம். அப்ப ஏழாவதையும் பார்த்திடுவம்,” என்றார்.

அக்காவின் முகம் மாறியது. எனக்கு எதுவும் புரியவில்லை.

கூட்ட அறிவிப்பில் ஏழாவதாக ஒரு சட்டதிட்டத் திருத்தம் இருந்தது. முக்கியப் பதவிகளுக்கு நிற்பவர் பத்து ஆண்டாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்பது அது. எப்போதோ நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு யாரோ கொண்டுவந்தது. அரை மணி நேரம் தள்ளிப்போன கூட்டத்துக்கு எல்லா அதிகாரமும் உண்டு, சட்டதிட்டத்தை மாற்றும் அதிகாரம் மட்டும் கிடையாது. அதனால் அது ஒவ்வொரு வருடமும் ‘ஒத்திவைக்கப்பட்டது’. போன வருட அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவது வழக்கம் என்பதால் அந்த வரியும் கூடவே வந்துகொண்டிருந்தது. எல்லா அறிவிப்பையும் படிக்கும் அக்கா அதையும் படித்திருந்தாள். செத்துப்போன வரி என்று நினைத்துவிட்டாள். அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய ஆட்களை நாங்கள்தான் தொலைபேசியில் கூப்பிட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தோம். அக்கா உறுப்பினராகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

“மன்றம் தெரிஞ்ச ஆக்கள் பொறுப்பில இருக்கிறது நல்லம். பிள்ளையள் படிக்கட்டும். அவசரமில்லை,” என்றார் ஐயா. “ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ.”

கைகள் எழுந்தன. முதலில் முன்வரிசை. பிறகு பக்கத்தில் பார்த்துப் பார்த்து மற்றவர்கள். மனோரஞ்சிதம் ஆன்ட்டியின் கையும் எழுந்தது. நான் முறைத்தேன். “தலைவர் இங்கயே பாக்கிறாரு லா,” என்று உதட்டை அசைத்தார். மருதப்பன் மாமா மடியில் வைத்திருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் தூக்கினார். தூக்காதவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி அக்கா. நான் உறுப்பினர் இல்லை, பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

திருத்தம் நிறைவேறியது. அடுத்தது தேர்தல். அக்கா எழுந்தாள்.

“திருத்தத்தைச் சங்கப் பதிவாளர் ஏத்துக்கிட்ட பிறகுதான் அது நடப்புக்கு வரும். இன்னிக்கு நான் நிக்கலாம். செயலாளர் பதவிக்கு நிக்கிறேன்.”

“இப்பதானே கை தூக்கினோம்?” என்றது ஒரு குரல்.

“சட்டம் படிக்கிற பிள்ளையா இது?”

“இல்ல லா, அரசியல்.”

“ரெண்டுக்கும் வாய்தானே முதல்!”

சிரித்தார்கள். விஸ்வலிங்கம் ஐயா சட்டதிட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அறையே அவரைப் பார்த்தது. “பிள்ளை சொல்லுறது சரி,” என்றார். அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் அன்று யாரும் எதிர்த்துக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சரி என்றுதான் சொன்னார். அவரை வெறுக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

“இன்னொண்ணு,” என்றாள் அக்கா. “கை தூக்க வேணாம். சீட்டுல எழுதலாம்.”

சீட்டு இல்லை. பழைய பொங்கல் விழாத் துண்டறிக்கைகளை வெட்டி, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார்கள். எழுதும்போது எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையால் மறைத்துக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எண்ணி முடித்தார்கள். இப்போதைய செயலாளர் சரத்துக்கு இருபத்திரண்டு. ரக்ஷனாவுக்குப் பதினெட்டு. ஒன்று வெறும் சீட்டு.

பதினெட்டு என்ற எண்ணை எல்லாரும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். கையைத் தூக்காதவர்கள் ஆறு பேர்தானே. மற்றப் பன்னிரண்டு பேர் யார்?

“பிள்ளை, இத்தனை ஆக்களை நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்ததுக்கு மன்றம் உமக்கு நன்றி சொல்லுது,” என்றார் விஸ்வலிங்கம் ஐயா. கேலியாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். கைதட்டினார்கள்.

மாமாவுக்கு மாலை ஷிப்ட். நேராக டிப்போவுக்குப் போய்விட்டார். நியூட்டனில் ரயில் மாறியபோது அக்காவுக்கு இடம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது, ஆனால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.

“அப்பாகிட்ட கேளுங்கக்கா, சீட்டுல யாரு பேர எழுதினாருன்னு.”

“கேக்கக் கூடாது.”

“உங்கப்பாதானே?”

“அதனாலதான் கேக்கக் கூடாது. சீட்டு எதுக்கு வைக்கிறாங்க?”

“நாம ஆளே கூட்டாம இருந்திருந்தா அந்த ஏழாவது வந்திருக்காதுல்ல?”

“வந்திருக்காது. இருபது பேர் கைதட்டியிருப்பாங்க. எனக்கு மூணு ஓட்டு விழுந்திருக்கும்.” சன்னல் பக்கம் திரும்பினாள். “ஆனா அடுத்த வருசம் மறுபடி நின்னிருக்கலாம்.”

சரி எது, தவறு எது என்று அவள் சொல்லவில்லை. நானும் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். மதிப்பெண் இன்னும் வரவில்லை. இப்போது ஒரு கருத்தாய்வு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறாள். “போன் பண்றதுக்கா நாலு வருசம் படிச்ச?” என்று மங்களம் அத்தை கேட்கிறார். நானும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அரசியல் அறிவியலை முதலாவதாகப் போட்டுவிட்டேன். பதில் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை கைப்பேசியைத் திறந்து பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாடி அறை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. திருத்தத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. அக்கா மறுபடி நிற்க இன்னும் எட்டு வருடம் ஆகும். ஆனால் அந்தத் திருத்தத்தை நீக்க இன்னொரு திருத்தம் கொண்டுவர எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். அது பேசப்பட வேண்டுமானால், அடுத்த மார்ச் மாதக் கூட்டத்துக்கு முப்பது பேர் மூன்று மணிக்கு மாடியில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் எழுந்து, சீட்டில் எழுதலாம் என்று கேட்க வேண்டும். எப்போதும் அக்காவே கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் மன்றத்து ஆட்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம். இந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது? நான் பெயர் சொல்லவில்லை, எந்த மன்றம் என்று நீங்களும் கண்டுபிடிக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த எல்லா மன்றத்தாருக்கும் இந்தக் கதையை அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக இருந்தால் படிக்க மாட்டார்கள், அதனால் முடிந்தால் வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது அவர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தால், அப்படியே மேலே போகச் சொல்லுங்கள்.