கூசிய மூன்று பற்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மஞ்சள் மருந்துத் துணியின் வாசனை வந்து மோதினால் இன்றும் என் நாக்கு தானாக முன்பற்களைத் தடவிப் பார்க்கிறது. நான்கும் இருக்கின்றன. ஸ்தோத்திரம்.

எமர்ஜென்சி முடிந்த வருடம். ஆனையூரில் எங்கள் சபை பேண்டில் நான்தான் முதல் டிரம்பெட். கல்யாண ஊர்வலங்களுக்கும் ஊதுவேன். உதடும் அதற்குப் பின்னால் சுவராக நிற்கும் நான்கு பற்களும்தான் என் பிழைப்பு. அந்தப் பற்களுக்கு மேலே ஈறு வீங்கியது. படம் எடுத்துப் பார்த்த பல் வைத்தியர், "எலும்புக்குள்ள நீர்க்கட்டி. நாலு பல்லையும் எடுத்துட்டுத்தான் சுரண்டணும்" என்றார். அதன்பின் எதன்மேல் உதட்டை அழுத்தி ஊதுவேன்?

அந்த வாரம் அவனியாபுரத்தில் ஒரு கல்யாணம். ஊர்வலத்தின் நடுவில் என் சுரம் உடைந்தது. என் மனைவியின் தம்பி ஜெபராஜ், நானே ஊதப் பழக்கியவன், என் கையிலிருந்து டிரம்பெட்டைப் பிடுங்கிக்கொண்டு தன் ஜால்ராவை நீட்டினான்.

"இதுக்குப் பல்லு வேணாம் மாமா. கை இருந்தாப் போதும்."

பேண்டே சிரித்தது. நான் தெரு முழுக்கத் தட்டிக்கொண்டே நடந்தேன்.

சபையார் எனக்குச் சுகம் கேட்டு ஜெபித்தார்கள். நான் கேட்டது வேறு. "ஆண்டவரே, இந்தப் பற்களை விட்டுவையும். அவன் எதிரில் நான் ஊத வேண்டும். அவன் கையில் அந்த ஜால்ரா இருக்க வேண்டும்." முழங்காலில் நின்று, வார்த்தைகளைச் சாணை பிடித்துச் சாணை பிடித்துச் சொன்னேன்.

"என் தம்பிக்குக் கேடு கேக்குற வாயி எப்படிங்க ஆறும்?" என்றாள் மனைவி. ஆனாலும் பெரியாஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "எந்தப் பல்லு செத்துருக்குன்னு பாக்காம எதுக்கு எல்லாத்தையும் புடுங்கணும்? ஐஸை வைக்கிறேன். கூசுனா உயிர் இருக்கு. கையைத் தூக்குங்க."

முதலில் தொட்டது, எப்போதோ சைக்கிளில் விழுந்து அடிபட்ட பல். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. என் உயிரே போனது. அடுத்த பல். உச்சி மண்டைவரை கூசியது. கையைத் தூக்கினேன். அடுத்ததும் கூசியது. அதற்கடுத்ததும். ஆராதனையில்கூட நான் அப்படிக் கையை உயர்த்தியதில்லை.

"செத்தது ஒண்ணுதான். அதையும் வேரை அடைச்சு நிறுத்திரலாம். கட்டியை ஒரேயடியாத் தோண்டுனா மத்த பல்லோட நரம்பும் அறுந்துரும். பொறுமையா வத்த வைப்போம்."

ஈறில் சின்ன ஜன்னல் வெட்டி நீரை வடித்து, மஞ்சள் துணியைத் திணித்தார். வாராவாரம் துணி மாறியது. வாயெல்லாம் அந்த வாசனை. ஞாயிறுதோறும் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபராஜ் ஊதுவதைக் கேட்டேன். அவன் பிசகிய இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். பல மாதம் கழித்துச் சுருங்கிப்போன கட்டியை உரித்தெடுத்தார்கள். பற்கள் அசையவில்லை. எலும்பு வளர்ந்து குழியை மூடியது.

ஈஸ்டர் விடியற்காலை. டிரம்பெட் என்னிடம் திரும்பியது, ஜால்ரா ஜெபராஜிடம் போனது. வயல்களைத் தாண்டிப் போகும்படி ஊதினேன். ஊதிக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவனுக்குத் தாளம் தப்பியது. ஆண்டவர் நான் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருந்தார். இனித்தது. உங்களிடம் எதற்கு மறைக்க? ஆனால் பாட்டு முடியும்வரைகூட அந்த இனிப்பு நிற்கவில்லை.

வாயில் கசப்போடு இதை வாசிக்கிறவர்களே, நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திராமல் அந்தக் கசப்போடே அவரிடம் போங்கள். நம்மில் எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று தொட்டுப் பார்த்துத்தான் அவர் கத்தியை எடுக்கிறார். எனக்கு அப்படித்தான் செய்தார்.

ஆராதனை முடிந்ததும் ஜெபராஜ் ஜால்ராவை என் காலடியில் வைத்தான். "நான் போறேன் மாமா" என்றான். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லி விடைபெறுவதில்லை. அவனுக்கென்றே அத்தனை மாதமும் தீட்டிவைத்த வார்த்தைகள் என் நாக்கில் இருந்தன. வாயைத் திறந்தேன்.

"வாரேன்னு சொல்லுடா மாப்ள. அடுத்த ஞாயித்துக்கிழமை ஜால்ரா தட்ட ஆளு இல்ல."