மதகுப் பக்கம் போகக் கூடாது

மாடித் தொட்டியில் இரண்டு கத்தரிச் செடி வைத்திருக்கிறேன்; என் விவசாயம் அவ்வளவுதான். நேற்று தண்ணீர் ஊற்றியபோது காய்ந்த மண் நனைகிற வாசனை வந்தது. குவளையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உத்திரமேரூர் ஏரி, நான் டைப்பிஸ்டாக இருந்த கோர்ட், என் மேஜைக்கடியில் வழக்குச் சீட்டுக் கட்டிச் சான்றுப் பொருளாகக் கிடந்த மண்வெட்டி, எல்லாம் வந்துவிட்டன.

அது முனுசாமியின் மண்வெட்டி. எழுபதுகளின் கடைசி, ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷம். யார் முறை என்ற சண்டையில், பக்கத்து வயல்காரர் ஏகாம்பரத்தை அதன் காம்பால் அடித்துக் கையை முறித்துவிட்டார். குற்றம் ருசுவாகிவிட்டது. தண்டனைதான் பாக்கி.

இவரை உள்ளே தள்ளாவிட்டால் நாளைக்கு மதகுக்கு மதகு மண்டை உடையும் என்றார் சர்க்கார் வக்கீல். முதல் தப்பு, ஜெயிலுக்குப் போனால் கெட்டுத்தான் திரும்புவார் என்றார் எதிர் வக்கீல். எனக்கோ யார் பேசினாலும் அவர் சொல்வதே சரியென்று படும். மாஜிஸ்ட்ரேட் பட்டணத்துக்காரர், இளகிய மனசு. ஜெயில் வேண்டாம், நன்னடத்தை ஜாமீனில் போகட்டும். ஆனால் பயமும் வேண்டும், ஒரு வருஷம் மதகுப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார். நல்ல தீர்ப்பு என்று நானும் சந்தோஷமாகத் தட்டினேன்.

வராந்தாவில் முனுசாமியின் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். பச்சை உடம்புக்காரி.

"அப்ப எங்க பயிருக்கு யாருங்க தண்ணி கட்றது?"

எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. கதிர் வரும் சமயம். உதவிக்கு வேறு ஆளில்லை. மதகுக்குப் போனால் ஜெயில், போகாவிட்டால் பட்டினி.

அடுத்த வாரம் பக்கத்து ஊரான பெருநகருக்குப் பஸ்ஸில் ஏரிக்கரையோரம் போகும்போது பார்த்தேன். முறிந்த கை கழுத்துக் கட்டில் தொங்க, ஏகாம்பரம் காலாலேயே சேற்றைத் தள்ளி முனுசாமி வயலுக்கு வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கிவிட்டேன். இது என்ன என்று கேட்டேன்.

"கோவம் அவன் மேல கீதுங்க. பயிரு இன்னா பண்ச்சு?"

தூரத்துப் பனைமரத்தடியில் முனுசாமி நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டில்கூட அவர் அப்படித் தலைகுனிந்து நிற்கவில்லை.

அதன்பின் அவர் எந்த வம்புக்கும் போகவில்லை. தன் தீர்ப்புதான் அவரைத் திருத்தியது என்று மாஜிஸ்ட்ரேட் கடைசிவரை நம்பினார். நான் ஏன் கெடுப்பானேன்.

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வயலுக்கு வயல் போர் போட்டு மோட்டார் ஓடுகிறது. மதகில் முள்செடி மண்டிக் கிடக்கிறது. தண்ணீருக்காக யாரும் யாரையும் இப்போது அடிப்பதில்லை. யார் பயிருக்கும் யாரும் தண்ணீர் கட்டுவதுமில்லை.